சிவப்புக் கோட்டா, ஸ்ட்ரெச்சரா?

அக்கா பையனுக்கு 19 வயது. தென்னாப்பிரிக்காவில் டர்பனில் படிக்கிறான். போன தீபாவளியன்று சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், ஒரு கையில் முறுக்கும் மறு கையில் போனுமாக என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தான். "மாமா, இந்த மாதிரி ஒண்ணு தைச்சுத் தர முடியுமா?" படத்தில் ஒரு சிவப்புக் கோட்டு. முன்பக்கம் ஐந்து பித்தளைப் பொத்தான், கழுத்துப் பட்டையில் பச்சை. 1879-இல் ஜூலு இனத்தாரின் சேனையிடம் இசாண்டில்வானா மலையடிவாரத்தில் அழிந்த பிரிட்டிஷ் 24-ஆம் காலாட்படையின் கோட்டு. பையன் படிப்பை விட்டுவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டானோ என்று அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். வேடம் கட்டத்தான் என்று அவளுக்குப் புரியவைப்பதற்குள் முறுக்கு ஆறிவிட்டது.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதே கோட்டை நான் ஏற்கெனவே ஏழு தைத்திருக்கிறேன். டர்பன் ஆடைத் தொழிற்சாலைகளில் 31 வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் மெஷின் போட்டேன். கல்யாண பிளவுஸும் பள்ளிச் சீருடையும் வரும் என்று எதிர்பார்த்தால், பழைய போர்களை அந்தக் காலத்து உடையில் நடித்துக் காட்டும் போர்க்கள வேடக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் தைத்துப் போனதைப் பார்த்து இன்னொருவர் வந்தார். அதனால் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கைப்பட்டையும் கழுத்துப்பட்டையும் வழியாகத் தெரிந்துகொண்டதுதான்.

நமக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. போரைத் திரும்ப நடித்துக் காட்டும் பழக்கம் எங்கள் கொள்ளுத் தாத்தாக்களோடு கப்பலேறி வந்தது. கரும்புத் தோட்டங்களில் தெருக்கூத்து நடக்கும். தெருக்கூத்து என்ற சொல் இங்குள்ள ஆங்கிலத்தின் வாயில் புகுந்து 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' ஆகிவிட்டது, ஆறடி ஆட்டம்! தமிழ்நாட்டில் திரௌபதியம்மன் திருவிழாவின் கடைசியில் மண்ணால் துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம் நடத்துகிறார்களே, அதைவிடப் பெரிய போர் மறுநடிப்பு உலகத்தில் எது? வெள்ளைக்காரர்கள் இதைச் சங்கம் வைத்துச் செய்ய ஆரம்பித்தது பிந்தித்தான். இங்கிலாந்தின் பெயர்பெற்ற சீல்டு நாட் சங்கமே 1968-இல் தொடங்கியது. ஒரு வித்தியாசம் உண்டு. கூத்தில் அர்ச்சுனன் கட்டும் கிரீடத்தை யாரும் அளவெடுத்துச் சோதிப்பதில்லை. இங்கே சோதிப்பார்கள். பொத்தான் துளையை மெஷினில் போட்டால் ஒரு மைல் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தப்பும் தவறுமாக வேடம் கட்டி வருகிறவனை அமெரிக்கக்காரர்கள் வைத்த பேரில் 'ஃபார்ப்' என்று கேலி செய்வார்கள்.

சரி, பையன் எந்த வேடத்தை எடுக்கலாம்? அவனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டதை இங்கே எழுதுகிறேன். டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதியில் தமிழ்ப் பிள்ளைகள் வேறு சிலருக்கும் இதே ஆசை இருப்பதாகக் கேள்வி.

முதலில் அவன் கேட்ட சிவப்புக் கோட்டு. இதற்குப் பெரிய வசதி, ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். டண்டியில் 'டண்டி டைஹார்ட்ஸ்' என்ற குழு 24-ஆம் காலாட்படையாகவே வேடம் கட்டுகிறது. அந்த ஊரின் தலானா அருங்காட்சியகம், 1899 அக்டோபர் 20-இல் போயர் போரின், அதாவது டச்சு வழிக் குடியேறிகளான போயர்களோடு பிரிட்டிஷார் நடத்திய போரின், முதல் பெரிய சண்டை நடந்த இடத்திலேயே இருக்கிறது. இசாண்டில்வானாவில் ஜனவரியில் நினைவு நாள் வரும்போது ஜூலு ஆட்கள் கேடயமும் குட்டை ஈட்டியுமாக வந்து இறங்குவதைப் பார்த்தால் மயிர்க்கூச்செறியும். அவர்களில் பலருக்கு அது வேடமே இல்லை, பாட்டன் பூட்டன் ஓடிய தரையில் பேரன்கள் ஓடுகிறார்கள். 1879 ஜனவரி 22, ஒரே பகலில் பிரிட்டிஷ் தரப்பில் 1,300-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சுமார் 20,000 பேர் கொண்ட ஜூலு சேனை மாட்டுக் கொம்பு வியூகத்தில் இரண்டு பக்கமும் வளைத்துக்கொண்டது. அன்று இரவே பக்கத்து ரோர்க்ஸ் டிரிஃப்ட்டில் ஏறக்குறைய 150 பேர் விடியும்வரை தாக்குப் பிடித்தார்கள். அந்த ஒரு இரவுக்கு, பிரிட்டனின் உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் 11. கதை சொல்ல இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது தையல்காரன் பேசுகிறேன். அந்தக் கோட்டு செர்ஜ் கம்பளித் துணி. சொரசொரப்பு. உள்ளே கோரா காட்டன் லைனிங் கொடுத்தாலும் கழுத்தில் அரிக்கும். ஜனவரி இங்கே கோடை நடுவில் வருகிறது. ஒருவர் நிகழ்ச்சி முடிந்து கோட்டைச் சரிசெய்யக் கொண்டுவந்தார். அக்குளில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது, வலது காலரில் கரும்புகை படிந்து போகவே இல்லை. மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியில் வெற்று வெடி போட்டாலும் கரிமருந்துப் புகை கன்னத்திலும் காலரிலும்தான் அப்பும். அப்புறம் அந்த வெள்ளைத் தொப்பி. வெயிலில் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும் என்பதால் அக்காலச் சிப்பாய்கள் தேயிலைச் சாயத்தில் தோய்த்துப் பழுப்பாக்கிக்கொண்டார்கள். ஒரு தம்பி சிக்கனமாக ரூய்போஸ் மூலிகைத் தேநீர் பாக்கெட்டைப் போட்டுக் கொதிக்கவைத்துவிட்டு, தொப்பி செங்கல் நிறத்தில் வந்ததென்று என்னிடம் அழாத குறை. நம் வீட்டு டீத்தூள்தான் சரி. கட்டியாகக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, இரண்டு தடவை பூச வேண்டும்.

செலவு? கோட்டு, கால்சட்டை, தோல் பட்டை, தொப்பி, பூட்ஸ் என்று ஒன்றொன்றாகச் சேரும்போது ஒரு நடுத்தர வீட்டுக்கு வலிக்கும். துப்பாக்கி வந்தால் வலி இரட்டிப்பு. தென்னாப்பிரிக்காவில் 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி முதலில் போலீஸிடம் தகுதிச் சான்று, அப்புறம் அந்தத் துப்பாக்கிக்கு உரிமம், வீட்டில் பூட்டுப் பெட்டி. சாதாரணமாக 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மார்ட்டினி ஹென்றி பழசுதானே என்று விட்டுவிட மாட்டார்கள், அது பின்பக்கம் தோட்டா போடும் துப்பாக்கி. ஆக 19 வயதுப் பையனுக்கு இன்னும் இரண்டு வருஷம் மரக்கட்டைத் துப்பாக்கிதான். அதைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது.

ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. 1879-இல் நம்மாட்கள் எங்கே இருந்தார்கள்? 1860 நவம்பர் 16-இல் ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்து வந்து டர்பனில் நங்கூரம் போட்டது. 1866-இல் நின்ற ஆள் அனுப்புதல் 1874-இல் மறுபடி தொடங்கியது. இசாண்டில்வானாவில் சிவப்புக் கோட்டு கிழிந்த அன்று, கடற்கரையோரத்தில் நம் ஆட்கள் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் கூலிக்குக் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படையில் நமக்கு இடமில்லை. வேடம் கட்டுகிறவனுக்கு இடம் வேண்டுமா என்று கேட்கலாம். கூத்தில் துரியோதனன் வேடம் கட்டுகிறவன் அஸ்தினாபுரத்தானா? அதுவும் சரிதான்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்பு ஒரு நிகழ்ச்சிக்கு நான் தைத்த கோட்டுகளைக் கொடுக்கப் போயிருந்தேன். ஒருவருக்கு உடம்பு சரியில்லை, ஒரு கோட்டு மிச்சம். என் அளவுதான். போட்டுப் பார்க்கலாமா என்று விளையாட்டாகக் கேட்டேன். பொறுப்பில் இருந்தவர் கெட்ட மனிதரில்லை, சிரித்த முகத்தோடுதான் சொன்னார்: "உங்களுக்குச் சமையல் கூடாரம்தான் வரலாற்றுப்படி சரியாக இருக்கும்." எந்தக் குழு, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். அந்தக் கோட்டின் ஒவ்வொரு பொத்தான் துளையையும் கையால் போட்டவன் நான். வழியெல்லாம் அந்த 'வரலாற்றுப்படி' என்ற சொல்தான் காதில் கேட்டுக்கொண்டே வந்தது. சரி, வரலாற்றுப்படியே போவோம் என்றுதான் அப்புறம் படிக்க ஆரம்பித்தேன்.

போயர் வேடத்தைப் பையன் இரண்டாவதாகக் கேட்டான். துணிச் செலவைப் பார்த்தால் இதுதான் மலிவு. போயர்கள் சீருடையே போடவில்லை, தினசரி உடுத்தும் கால்சட்டை, வெயிஸ்ட்கோட், அகல விளிம்புத் தொப்பி, மார்புக்குக் குறுக்கே தோட்டா வார். என் அலமாரியிலேயே பாதி இருக்கிறது. ஆனால் போயர் என்றால் குதிரை, மவுசர் துப்பாக்கி. இரண்டும் எங்களிடம் இல்லை. அதோடு போயர்களின் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் குடியரசு 1891-இல் சட்டம் போட்டு இந்தியர்களை விரட்டியது, அந்தத் தடை 1980-கள் வரை நீடித்தது. எங்கள் அப்பா காலத்தில் அந்த மாகாணத்தில் ராத்தங்க முடியாது. அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்க என் மருமகனுக்கு நான் தைத்துத் தர மாட்டேன். வேறு யாராவது தைத்தால் தடுக்கவும் மாட்டேன்.

இரண்டாம் உலகப் போரும் இருக்கிறது. இந்தியர் மலாய்ப் படைப்பிரிவில் நம்மாட்கள் லாரி ஓட்டினார்கள், கையில் ஆயுதம் கொடுக்கவில்லை. 1942 ஜூன் 21-இல் லிபியாவில் டோப்ருக் வீழ்ந்தபோது கைதானவர்களில் அவர்களும் உண்டு. அருமையான கதை, ஆனால் அந்தக் காலத்து லாரி ஒன்று வேண்டும். லாரி இல்லாத லாரி டிரைவர் வேடம் என்றால் சும்மா காக்கி போட்டுக்கொண்டு நிற்கிற கதைதான். பணக்கார நண்பர் கிடைக்கிறவரை அது கிடக்கட்டும்.

இனி நான் அவன் முன்னால் வைத்தது. 1899-இல் போயர் போரில் பிரிட்டிஷ் தரப்பில் காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்க, காந்தி நேட்டாலில் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை. ஏறக்குறைய 1,100 பேர். அதில் சுமார் 300 பேர் ஒப்பந்தம் முடிந்த சுதந்திர இந்தியர்கள். மற்ற 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். டர்பனில் கிறிஸ்தவ மிஷன் மருத்துவர் பூத் அவர்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்தார். 1899 டிசம்பர் 15-இல் கொலென்சோ சண்டையில் முதல் வேலை. அடுத்த மாதம் ஸ்பியன்கோப் மலை. ஜனவரி 23 இரவு மூடுபனியில் பிரிட்டிஷ் படை அந்த மலையில் ஏறியது. பாறைத் தரையில் ஆழமாகத் தோண்ட முடியவில்லை. காலையில் பனி விலகியபோது ஆழமில்லாத பதுங்கு குழியில், போயர் பீரங்கிகளுக்கு எதிரில், வெட்டவெளியில் கிடந்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் 243 பேர் இறந்ததாகக் கணக்கு. காயம்பட்டவர்களை இறக்கிக் கொண்டுபோக ஆள் போதவில்லை. குண்டு விழும் எல்லைக்குள் இந்தியர்கள் போகத் தேவையில்லை என்றுதான் முதலில் பேச்சு. இப்போது தளபதி புல்லரிடமிருந்து செய்தி வந்தது: கட்டாயமில்லை, ஆனால் போனால் அரசு நன்றியோடிருக்கும். போனார்கள். அங்கிருந்து ஒரே நாளில் 20, 25 மைல் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். நம் கணக்கில் 32 முதல் 40 கிலோமீட்டர். அதே நாள்களில் அந்த மலையைச் சுற்றி சர்ச்சில் இருந்தார், போயர் தரப்பில் லூயி போத்தா இருந்தார், காந்தி இருந்தார். மூவரில் துப்பாக்கி இல்லாதவர் ஒருவர்தான்.

இந்த வேடத்தின் செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள். காக்கி டிரில் துணி, அதையும் பள்ளிச் சீருடைக்கு வாங்கும் கடையிலேயே வாங்கலாம். இரண்டு மரக் கம்பு, கான்வாஸ். சட்டப்படி துப்பாக்கிச் சான்று எதுவும் வேண்டாம். ஒன்றே ஒன்று கவனம்: கைப்பட்டையில் செஞ்சிலுவைச் சின்னத்தை நினைத்தபடி போட்டுக்கொண்டு தெருவில் திரியக்கூடாது. ஜெனீவா உடன்படிக்கைகளும் இந்நாட்டுச் சட்டமும் அந்தச் சின்னத்தைக் காக்கின்றன. நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் மூலம் முறையாகக் கேட்டுப் போடுவது, முடிந்ததும் கழற்றிவிடுவது. இல்லையென்றால் வெறும் வெள்ளைப் பட்டை போதும்.

கஷ்டம் வேறு பக்கம் இருக்கிறது. சிவப்புக் கோட்டுக்காரன் தனியாக நின்றாலும் சிப்பாய்தான். ஸ்ட்ரெச்சருக்கு நாலு பேர் தூக்க வேண்டும், ஒருவர் படுக்க வேண்டும், மாற்றுக்கு இரண்டு பேராவது கூடவே நடக்க வேண்டும். ஏழு பேர் இல்லாமல் இந்த வேடமே கிடையாது. எல்லோருக்கும் சுடத்தான் ஆசை, தூக்க யாருக்கு ஆசை? அதனால் இப்படி ஒரு குழு தொடங்குவது கடினம். தொடங்கிவிட்டாலோ, எந்தப் பெரிய குழுவும் வா என்று கூப்பிடும், ஏனென்றால் செத்து விழுந்தவர்களைத் தூக்கிப் போக அவர்களிடம் ஆளே இல்லை. அந்தப் பொறுப்பாளரின் சமையல் கூடாரத்துக்கு இதுதான் என் பதில். வரலாற்றுப்படி நாங்கள் அந்தக் களத்தின் நடுவிலேயே இருந்தோம்.

பையன் விடவில்லை. "மாமா, அது வெள்ளைக்காரனுக்குச் சேவகம் செஞ்சதுதானே?" நல்ல கேள்வி. காந்தியே பின்னால் 1920-இல் தமக்குக் கிடைத்த பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொன்றும் உண்டு. அந்தப் படையின் புகைப்படம் ஒன்றை எல்லோரும் பார்த்திருப்பார்கள், நடுவில் காந்தி, சுற்றிலும் மிடுக்கான உடையில் ஆட்கள். அது தலைவர்களின் படம். 800 பேர் அதில் இல்லை. தலைவர்கள் 37 பேருக்குப் போர்ப் பதக்கம் கிடைத்தது. ஒப்பந்தக் கூலி அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்து எல்லையைத் தாண்ட முடியாத காலம் அது. அவர்களைத் 'தொண்டர்கள்' என்று அறிவிப்புப் பலகையில் எழுதும்போது கை கொஞ்சம் தயங்க வேண்டும். நாம் கட்டினால் அந்த 800 பேர் வேடத்தைக் கட்டலாம் என்றேன். காந்தி வேடத்துக்குத்தான் எல்லா ஊரிலும் கண்ணாடி போட்ட ஒருவர் தயாராக இருப்பாரே.

இதற்குள் அக்கா உள்ளே வந்துவிட்டாள். அவள் கட்சி தனி. "சண்டையே எதுக்குடா? நடந்து ஜெயிச்சவங்க நாம." 1913 சத்தியாக்கிரகத்தைச் சொல்கிறாள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்தில் கூலிகளைப் பார்த்துப் பேசி வேலையை நிறுத்தவைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் மேல் போட்ட 3 பவுன் தலைவரிக்கு எதிராக, நவம்பர் 6-ஆம் தேதி சார்ல்ஸ்டவுனிலிருந்து நேட்டால் எல்லை தாண்டி ஃபோல்க்ஸ்ரஸ்ட் பக்கம் நடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைப் பவுண்டு ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. தில்லையாடி வள்ளியம்மை 16 வயதில் சிறை போய், வெளியே வந்த கொஞ்ச காலத்தில், 1914 பிப்ரவரி 22-இல் காலமானாள்.

ஒப்பிட்டுப் பார்த்தால் அக்கா சொல்வதுதான் எல்லாவற்றிலும் சுலபம். பழைய சேலை, வேட்டி, தலைப்பாகை, ஒரு ரொட்டி. பெண்களும் குழந்தைகளும் வரலாம், பாட்டிகள் பஸ்ஸில் பின்னால் வரலாம். போர் வேடத்தில் பெண்களுக்குப் பெரும்பாலும் ஓரமாக நிற்கிற வேலைதான். குடும்பமாகச் செய்ய நினைக்கிறவர்கள் யோசிக்காமல் இதை எடுக்கலாம். ஆனால் இது ஊர்வலம், போர் இல்லை. பையனுக்குப் புகையும் சத்தமும் வேண்டும். அந்த வயதில் எனக்கும் வேண்டியிருந்தது.

தனி ஆளாகச் செய்ய ஒரு வேடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1899 நவம்பர் 2-இலிருந்து 118 நாள் லேடிஸ்மித் ஊர் போயர்களின் முற்றுகையில் கிடந்தபோது, பிரபு சிங் என்ற ஒப்பந்தக் கூலி மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, எதிர்க் குன்றில் போயர் பீரங்கி பளிச்சிடும்போதெல்லாம் மணியடித்து ஊரை எச்சரித்தார். வைஸ்ராய் கர்சன் அவருக்குக் காஷ்மீர் அங்கி அனுப்பினார். ஒரு மரம், ஒரு மணி, ஒரு ஆள். செலவே இல்லை. பையனிடம் சொன்னேன். "மரத்து மேல உட்கார்ந்தா யாருக்குத் தெரியும்?" என்றான். அதுவும் நியாயம்.

கடைசியில் ஸ்ட்ரெச்சருக்கே வந்து சேர்ந்தோம். அவன் கொஞ்சம் அரைமனதாக. ஆனால் ஒத்திகையன்று மனசு மாறியதைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தெருமுனைக் கால்பந்து மைதானம். அவன் நண்பர்கள் நாலு பேர், நான், கோயிலில் உற்சவர் தூக்கிப் பழகிய பக்கத்து வீட்டு மாமா ஒருவர். பையன்தான் காயம்பட்டவன், படுத்துக்கொண்டான். நாலு பேரும் தூக்கினார்கள், இடது வலது என்று ஒன்றாகக் காலெடுத்து வைத்தார்கள். பத்தடி போவதற்குள் ஸ்ட்ரெச்சர் தொட்டில் மாதிரி ஆடி, பையன் ஒரு பக்கமாக உருண்டு கீழே விழுந்தான்.

கோயில் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "சாமின்னா ஆடணும், அதுக்குத்தான் எல்லாரும் ஒரே கால்ல நடக்கிறது. இவன் அடிபட்டவன், இவன் ஆடக் கூடாது. முன்னால போறவன் இடது கால் வெச்சா பின்னால வர்றவன் வலது கால் வைக்கணும்." ராணுவ ஸ்ட்ரெச்சர் பயிற்சியும் அதையேதான் சொல்கிறது: முன்னாளும் பின்னாளும் கால் மாற்றி நடக்க வேண்டும், அடி குட்டையாக இருக்க வேண்டும், முழங்கால் கொஞ்சம் மடிந்தே இருக்க வேண்டும். காயம்பட்டவனின் கால் முன்னால் போகும்படி தூக்க வேண்டும், பின்னால் வருகிறவன் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரலாம். மேடேறும்போது மட்டும் திருப்பித் தலையை முன்னால் விட வேண்டும். இதைச் சொன்னதும் ஒரு பையன் திடுக்கிட்டான். கால் முன்னால் போவது நம் வீட்டில் பாடைக்குத்தானே.

கால் மாற்றி மறுபடி தூக்கினார்கள். இந்தத் தடவை கான்வாஸ் தண்ணீரில் மிதப்பதுபோல் போனது. மைதானத்தை நாலு சுற்று சுற்றுவதற்குள் ஒருவன் கையில் தோல் உரிந்துவிட்டது. நாலு சுற்று ஒன்றரைக் கிலோமீட்டர்கூட வராது. பையன் எழுந்து உட்கார்ந்து, "இதை நாப்பது கிலோமீட்டரா?" என்று கேட்டான். அப்புறம் அவன் சிவப்புக் கோட்டைப் பற்றிப் பேசவில்லை.

இடம் பற்றி எங்களுக்குள் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். ஸ்பியன்கோப் உச்சியில் கட்ட மாட்டோம். சிப்பாய்கள் படுத்துச் சுட்ட அதே பதுங்கு குழியில்தான் அவர்களைப் புதைத்திருக்கிறார்கள். அந்த நீளக் குழி இன்னும் அங்கே கல்லடுக்கித் தெரிகிறது. படுகளம் பார்க்கப் போகலாம், அதன் மேல் ஏறி ஆடக் கூடாது. மலைக்குப் போனாலும் தரையில் கிடக்கும் தோட்டா உறையைக்கூடப் பொறுக்கக் கூடாது, 1999-ஆம் ஆண்டுப் பாரம்பரியச் சட்டத்தில் அது குற்றம். தூக்குவதெல்லாம் கீழே சமவெளியில், அல்லது தலானா மாதிரி நிகழ்ச்சிக்கென்றே இடம் வைத்திருக்கும் ஊரில்.

இப்போது ஆறு பேர் இருக்கிறோம், என்னையும் சேர்த்து. லேடிஸ்மித்திலிருந்து ஒரு தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறான். காயம்பட்டவனாகப் படுக்க ஆள் எடை 65 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தாயிற்று, எனக்கு அந்த வேலை இல்லை. காக்கித் துணி எடுத்து வெட்டியும்விட்டேன், மூன்று சட்டை முடிந்தது. மிச்சமிருக்கும் தகராறு காலுக்கு என்ன போடுவது என்பதுதான். படத்தில் தலைவர்கள் பூட்ஸ் போட்டிருக்கிறார்கள், அதனால் பூட்ஸ்தான் என்கிறான் பையன். நாம் படத்தில் இல்லாதவர்களின் வேடம் கட்டுகிறோம் என்கிறேன் நான். ஜனவரி முள்ளில் வெறுங்காலோடு முதலில் நீங்க நடந்து காட்டுங்க மாமா என்கிறான். நாளைக்கு மைதானத்தில் பார்க்கலாம்.